புதுப்பிப்பு: ஃப்ளை ஃபிஷிங் சாமான்களுக்கு இடுப்புப் பைதான் சரிப்பட்டது

ஃப்ளை (பூச்சி மாதிரி கொக்கியில் கட்டிய செயற்கை இரை) வீசி மீன் பிடிக்கும் ராடோடு பூலாம்பட்டி காவிரிக் கரையில் நடக்கும்போது ஒற்றைத் தோள் பை கழுத்தைப் பிடுங்குகிறது, வேறு எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வெஸ்ட் (நிறையப் பாக்கெட் வைத்த கையில்லாச் சட்டை), மார்புப் பை, இடுப்புப் பை என மூன்றையும் சொன்னீர்கள். சேலம் வெயிலுக்கு வெஸ்ட் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மார்புப் பையை நண்பரிடம் வாங்கிப் பார்த்தேன். எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது, ஆனால் பாறையில் இறங்கும்போது கால் வைக்கும் இடமே தெரியவில்லை.

ஈரோட்டு அண்ணன் சொன்ன, தோள்வாரும் சேர்ந்த இடுப்புப் பைதான் கடைசியில் வாங்கியது. பெல்ட்டை வயிற்றில் கட்டாமல் இடுப்பெலும்பின் மேல் உட்காரவைத்து முதலில் இறுக்கி, அப்புறம் தோள்வாரை லேசாக இழுக்கச் சொல்லியிருந்தார். அதில்தான் விஷயமே இருக்கிறது. பாரம் இடுப்புக்கு இறங்கிவிட்டது, கழுத்து வலி இல்லை. ஃப்ளை பெட்டி எடுக்க பையை முன்பக்கம் சுழற்றினால் போதும்.

எதிர்பாராத ஒன்று, ராட் உறை. நாலு துண்டாகக் கழலும் 9 அடி ராடுக்கு உறையே சுமார் இரண்டரை அடி. முதுகில் நிமிர்த்திக் கட்டினால், பின்னால் வீசும்போது லைன் (தூண்டில் கயிறு) அதில் மாட்டுகிறது. பைக்கு அடியில் படுக்கவைத்துக் கட்டுங்கள். சீமைக் கருவேலப் புதருக்குள் நுழையும்போது மட்டும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடுப்பளவுத் தண்ணீரில் பை நனையும், தோளுக்கு ஏற்றிவிடுங்கள். வியர்வை ஈரமும் உள்ளே இறங்குகிறது. வீட்டுக்கு வந்ததும் ஃப்ளை பெட்டியைத் திறந்து காயவைக்காவிட்டால் கொக்கி துருப்பிடிக்கும்.