சீட்டுப் போட்டு ஜெபிப்பது: வாலிபர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

உப்புக்காற்று:
எங்கள் வாலிபர் கூட்டத்தில் பலருக்கு மேற்படிப்பா வேலையா, இந்த வரனா வேண்டாமா என்ற ஊசலாட்டம். ஒருவர் இரண்டு துண்டுச் சீட்டு எழுதி, ஜெபித்து ஒன்றை எடுக்கிறார். இன்னொருவர் கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைக்கிறார். புத்தாண்டு ஆராதனையில் வந்த, வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை நம்பி வெளிநாட்டு வேலையை முடிவு செய்கிறவர்களும் உண்டு. "தேவ சித்தம் தெரியும்வரை ஜெபி" என்று மட்டும் சொன்னால் போதவில்லை. மூன்று வாரத்தில் பதில் சொல்லியாக வேண்டிய ஒருவரை நாள்கணக்கில் என்ன செய்யச் சொல்லலாம்?

பனையோலை:
பிரதர், சீட்டை வேதவிரோதம் என்று தள்ள முடியாது. சீட்டின் முடிவு கர்த்தரால் வரும் என்று நீதிமொழிகள் 16:33 இருக்கிறது, யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுத்ததும் சீட்டில்தான். ஆனால் அப்போஸ்தலர் 1ஆம் அதிகாரத்தில் அது எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பாருங்கள். யோவானின் ஞானஸ்நானம் முதல் இயேசு எடுத்துக்கொள்ளப்பட்ட நாள்வரை கூடவே இருந்தவராக வேண்டும் என்று முதலில் தகுதியை வரையறுத்தார்கள். இருவரை நிறுத்தினார்கள். பிறகு ஜெபம், கடைசியில் சீட்டு. யோசிக்க வேண்டியதை யோசித்து முடித்தபின் போட்டது அது. நம் பிள்ளைகள் யோசிப்பதற்குப் பதிலாகப் போடுகிறார்கள். பிடிக்காத சீட்டு வந்ததும் "இன்னும் ஒரு தடவை" என்றால், மனசு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சாய்வைப் பற்றித்தான் ஜெபிக்க வேண்டும்.

பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு சபை சீட்டுப் போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில் நன்றாக வாதாடி முடித்து, "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதுகிறார்கள். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்தார்களே மொராவியர் என்ற புராட்டஸ்டன்ட் சபையார், அவர்கள் ஒருகாலத்தில் கல்யாணத்தையே சீட்டில் தீர்மானித்தவர்கள். அந்தக் கட்டாயத்தை 1818இல் அவர்களே நீக்கிவிட்டார்கள். சீட்டில் எடுத்த தினவசனங்களை 1731 முதல் இன்றுவரை புத்தகமாகப் போடுகிறார்கள், ஆனால் அது அன்றாடத் தியானத்துக்கு. நம் அட்டைகளையும் அப்படி வைத்துக்கொண்டால் தொல்லையில்லை.

அட்டையில் அடிக்கடி வருவது, நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. 5ஆம் வசனம் "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டுங்கள்" என்கிறது, 10ஆம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. இருக்கிற ஊரில் வேரூன்றச் சொன்ன கடிதத்தைத்தான் விசாவுக்கு வசனமாக எடுக்கிறோம்! ஆட்டுத்தோலில் பனி நனைய வேண்டும் என்று கிதியோன் அடையாளம் கேட்டதும் அப்படியே. நியாயாதிபதிகள் 6:14இலேயே அவனுக்குக் கட்டளை கிடைத்துவிட்டது. தோலைப் போட்டது சித்தத்தை அறிய அல்ல, பயத்தில்.

மாலைமணி:
நான் கத்தோலிக்கன், எங்கள் வழக்கத்தில் உள்ளதைச் சொல்கிறேன். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் 1521இல் பாம்ப்லோனாவில் காலில் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது ஒன்றைக் கவனித்தார். வீரசாகசக் கனவுகள் அந்த நேரத்துக்கு இனித்து, பிறகு மனதை வறண்டுபோக வைத்தன. புனிதர்களைப் போல வாழும் எண்ணமோ கலைந்த பின்பும் மகிழ்ச்சியை விட்டுச்சென்றது. கடவுளின் விருப்பத்தைப் பகுத்தறிய அவர் காட்டிய "தெளிந்து தேர்தல்" முறை முழுவதும் இந்தப் பின்சுவையில்தான் நிற்கிறது.

முதல் வாரம் கேள்வியை ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். "என் எதிர்காலம் என்ன?" என்பது கேள்வியே அல்ல. "30ஆம் தேதிக்குள் இந்த வேலையை ஏற்கவா, வேண்டாமா?" என்று இருக்க வேண்டும். இரண்டு வழியும் தன்னளவில் நல்லவையாக இருக்க வேண்டும். ஒன்று பாவம் என்றால் தேர்வு செய்ய எதுவுமில்லை. பிறகு தினமும் அரைமணி நேரம் ஒரே மன்றாட்டு: எந்தப் பக்கமும் சாயாமல், தராசு முள் நடுவில் நிற்பதுபோன்ற மன விடுதலை. இதைத் தாண்டிக் குதிப்பதால்தான் பெரும்பாலும் எல்லாம் கெட்டுப்போகிறது. ஏற்பதால் நன்மை, தீமை, மறுப்பதால் நன்மை, தீமை என நான்கு பத்தியாக எழுதி, ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே அது பயத்தில் வந்ததா, பெருமையில் வந்ததா, அன்பில் வந்ததா என்று குறிக்கட்டும். எண்ணிக்கையை வைத்து முடிவு கட்டக் கூடாது.

இரண்டாம் வாரம், யாரிடமும் சொல்லாமல், "ஏற்றுவிட்டேன்" என்ற நினைப்பில் மூன்று நாள், "மறுத்துவிட்டேன்" என்ற நினைப்பில் மூன்று நாள். மதியமும் இரவும் பத்து நிமிடம் ஆன்ம சோதனை செய்து இரண்டு வரி எழுதினால் போதும். "அப்பாடா" என்ற நிம்மதியைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கஷ்டமான வேலையைத் தள்ளிப்போட்டாலும் அந்த நிம்மதி வரும், இரண்டு நாளில் கரைந்துவிடும்.

மூன்றாம் வாரம் முடிவைக் கடவுள்முன் வைத்துக் காத்திருந்து, அதன்பின் அறிவியுங்கள். அதுவரை தெளியவில்லை என்றால், முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் என்ன சொல்வீர்கள், மரணப்படுக்கையில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவீர்கள் என்று இஞ்ஞாசியார் சொன்ன இந்த இரண்டு கற்பனைகளும் கைகொடுக்கும்.

உப்புக்காற்று:
நன்றி ஐயா. ஜெபிக்க வாயே வராமல் சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு?

கோடைக்குருவி:
சோர்வில் இருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பதும் இஞ்ஞாசியாரின் விதிதான். புதிய முடிவையும் முடிந்தால் தள்ளி வையுங்கள். கெடுவை நீட்டித் தர முடியுமா என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பது விசுவாசக் குறைவல்ல.

ஜெபத்துக்குச் சங்கீதம் 13 போதும், ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஆத்துமாவுக்குள் ஆலோசனை பண்ணிப் பண்ணிக் களைத்துப்போவது 2ஆம் வசனத்திலேயே இருக்கிறது. அதை வாய்விட்டு மெதுவாக, காலையிலும் இரவிலும் வாசிக்கட்டும். கெத்செமனேயில் இயேசுவே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொன்னார் (மத்தேயு 26:44), ஆகவே புது வார்த்தை தேட வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஜெபம் கூடவே நடக்கட்டும்.

தயங்குகிறவனிடம் யாக்கோபு 1:8ஐக் காட்டி "இருமனமுள்ளவன்" என்று திட்டுகிறார்களே, அதை நிறுத்தச் சொல்லுங்கள் சகோ. அங்கே பேச்சு தேவன் கொடுப்பாரா என்ற சந்தேகத்தைப் பற்றி, எந்த வேலை என்பதைப் பற்றி அல்ல. மூன்று வசனத்துக்கு முன்னால் அவர் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்று எழுதியிருக்கிறது.

மௌனமாகக் கூடி ஜெபிக்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவக் குழுவினரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. நம்பிக்கையான நாலைந்து பேர் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் கேள்வி மட்டுமே கேட்பார்கள், அறிவுரை கிடையாது. "ஏன் நீ போகக் கூடாது?" என்பது கேள்வி வேஷம் போட்ட அறிவுரை, அதுவும் கூடாது. பெற்றோரையும் போதகரையும் அந்த வட்டத்தில் சேர்க்காதீர்கள், பிள்ளை அவர்கள் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லும்.