கோயில் குட்டையில் அல்லிக்கு மருந்து அடிக்கலாமா?

லயத்துவாசல்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறேன். பழைய லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) பின்னால் கோயில் குட்டை ஒன்று உண்டு. பாதிக்கு மேல் இலை மூடிவிட்டது. திருவிழாவுக்கு முன் மருந்து அடித்து மொத்தமாக அழித்துவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு. கொசு பெருகும், டெங்கி வரும் என்கிறார்கள். எனக்கு மனசே ஒப்பவில்லை.

மகனைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது தினமும் அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். நேற்று ஒரு ருவாக்-ருவாக் (நீர்க்கோழி), பின்னாலேயே நாலு கரிக்குஞ்சு. தாய் கால் வைத்ததும் இலை அமிழ்ந்து, தண்ணீர் விளிம்பேறியது. அதற்குள் அடுத்த இலைக்குப் போய்விட்டது. குஞ்சுகள் ஏறியபோது இலை அசங்கக்கூட இல்லை. பக்கத்து இலையில் ஒரு பச்சைத் தவளை, முதுகின் இரு ஓரத்திலும் வெளிர்மஞ்சள் கோடு, அவற்றைப் பார்த்தும் நகரவில்லை. இதெல்லாம் எங்கே போகும்?

இது தாமரையா அல்லியா? இங்கே மலாயில் இரண்டுமே தெராத்தாய்தான். இலை தண்ணீரோடு படிந்து கிடக்கிறது, காம்பு வரை ஒரு வெட்டு. சிவப்புப் பூ, விடியலில் விரிந்திருக்கும், பத்து பதினோரு மணிக்குள் கூம்பிவிடும். ஒரு மூலையில் கெலாடி பூந்திங்கும் (ஆகாயத்தாமரை) உண்டு.

ஊசித்தட்டான்:
அக்கா, அது அல்லிதான். இரவில் மலரும் வகை. தாமரை இலை வட்டமாக, வெட்டில்லாமல் தண்ணீருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும்.

கமிட்டியிடம் ஒன்று சொல்லுங்கள்: டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் குளம் வேண்டாம். காலி டின், பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, இதில் தேங்கும் தண்ணீர் போதும். அல்லிக்கு அடியில் கொசுப்புழு இருந்தாலும் மீன்குஞ்சும் தும்பிப்புழுவும் தின்றுவிடும். ஊசித்தட்டான்கள் முட்டையை அல்லி இலைக்குள்ளேயே செருகி வைக்கும். வாலை வளைத்து இலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் அதுதான் வேலை.

ஆனால் கெலாடி பூந்திங்கை விடாதீர்கள். மன்சோனியா என்றொரு கொசு. அதன் புழு மூச்சுவிட மேலே வராது, அந்த வேரில் குழலைக் குத்தி அங்கேயே காற்றை உறிஞ்சும். யானைக்கால் நோயைப் பரப்புவது அது. கையால் இழுத்து, கரையில் தள்ளிப் போட்டுக் காயவிடுங்கள்.

பால்மரத்துக்காரர்:
அம்மா, மருந்து மட்டும் வேண்டாம். நான் வேலை பார்த்த தோட்டத்தில் ஒருமுறை அடித்தார்கள். இலை முழுக்க ஒன்றாகச் செத்து அழுகியது. அழுகல் தண்ணீரில் இருந்த ஆக்சிஜனை எல்லாம் தின்றுவிட்டது. சில நாளில் திலாப்பியா, லம்பாம் மீன்கள் வெள்ளை வயிற்றோடு மிதந்தன. ஹருவானும் (விரால்) புயுவும்தான் (பனையேறிக் கெண்டை) பிழைத்தன, அவை மேலே வந்து காற்றைக் குடிக்கும். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அல்லிக்கு நடுவே சிவப்பு மீன்குஞ்சுக் கூட்டம் ஒன்று பந்துபோல் கொதித்துக்கொண்டே நகர்ந்தால் கிட்டப் போகாதீர்கள். பெரிய ஹருவான் அடியில் காவல் நிற்கும்.

வழி வேண்டுமென்றால் படித்துறை முன்னால் மட்டும் கிழங்கோடு பிடுங்குங்கள். இலையை வெட்டினால் திரும்ப வந்துவிடும்.

லயத்துவாசல்:
தலைவரை நேற்று சாயங்காலம் குட்டைக்கே கூட்டிப் போனேன். குஞ்சுகளைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். சனிக்கிழமை கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யும் பொதுவேலை): கெலாடி பூந்திங், படித்துறை, அப்புறம் கோயில் பின்னால் கிடக்கும் டின்கள். மருந்து இல்லை. ரொம்ப நன்றி ஐயா, தம்பி.

ஒரு சந்தேகம். தண்ணீருக்கு மேலே, காம்பில் ரோஸ் நிற முட்டைக்கொத்து ஒட்டியிருக்கிறது. எதனுடையது?

ஊசித்தட்டான்:
தென்னமெரிக்காவிலிருந்து வந்த தங்க நத்தை அக்கா, நெல்வயலைப் பாழாக்குவது. சனிக்கிழமை அதையும் சுரண்டித் தண்ணீருக்குள் தள்ளுங்கள், மூழ்கினால் பெரும்பாலும் பொரிக்காது. முட்டையில் நஞ்சு உண்டு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.