மூன்று வீடுகளில் ஒரு மலை ரயில்: கல்லாறு – குன்னூர் மாதிரிப் பாதையை நண்பர்களோடு அமைப்பது எப்படி?

கேள்வி – மேட்டுப்பாளையத்தான்

வணக்கம். மேட்டுப்பாளையத்தில் ஒரே தெருவில் வளர்ந்த நாங்கள் மூவர் இப்போது கோயம்புத்தூரில் வெவ்வேறு பகுதிகளில் குடியிருக்கிறோம். காலை ஏழு மணி வாக்கில் புறப்படும் நீலகிரி மலை ரயிலின் ஊதல் கேட்டுப் பள்ளிக்குக் கிளம்பியவர்கள் என்பதால், அந்த வண்டியை மாதிரி வடிவில் அமைக்க வேண்டும் என்பது எங்களுக்கு நெடுநாள் ஆசை. ஆளுக்கு ஒரு பலகை, ஒவ்வொன்றும் 120 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டு, கல்லாறு, ஹில்குரோவ், குன்னூர் ஆகிய மூன்று நிலையங்களையும் அவரவர் வீட்டில் செய்து, மாதம் ஒரு முறை என் வீட்டுக் கூடத்தில் ஒன்றாகப் பொருத்தி ஓட்டலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம்.

தொடங்கும் முன்பே இரண்டு சிக்கல்கள் வந்துவிட்டன. எங்களிடம் இருப்பது 1:87 அளவில் (உண்மையில் 87-இல் ஒரு பங்கு), 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் ஐரோப்பிய எஞ்சின் ஒன்று. பலகையின் ஒரு முனையை உண்மையான மலைப்பாதையின் சரிவுக்கு உயர்த்திப் பார்த்தபோது, இரண்டு பெட்டிகளைக்கூட இழுக்க முடியாமல் அதன் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. அடுத்தது வேலைப் பங்கீடு. அவரவர் பலகையை அவரவர் விருப்பப்படி செய்ய வேண்டும் என்கிறார் ஒருவர். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒன்றாகச் செய்யாவிட்டால் பொருந்தாது என்கிறார் மற்றவர். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

பதில் 1 – மலைக்கோட்டை, திருச்சி

உங்கள் இரண்டாவது சிக்கலைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் எங்கள் குழு தடுமாறியது அதில்தான். நாங்கள் நால்வர் நான்கு வீடுகளில் ஆறு மாதம் உழைத்து, ஒரு ஐப்பசி மாதத்தில் பலகைகளைக் கொண்டுவந்து சேர்த்தபோது, ஓர் இணைப்பில் தண்டவாளம் நான்கு மில்லிமீட்டர் மேலும் கீழுமாக நின்றது. ஒருவர் வாங்கிய ப்ளைவுட் மழை ஈரத்தில் வளைந்திருந்தது. இன்னொருவர் தண்டவாளத்தைப் பலகையின் விளிம்பிலிருந்து அளந்திருந்தார், மற்றொருவர் நடுவிலிருந்து அளந்திருந்தார். யாருடைய உழைப்பிலும் குறை இல்லை, ஆனால் பொருந்த வேண்டிய இடத்தை யாரும் சேர்ந்து முடிவு செய்திருக்கவில்லை.

ஆகவே இணைப்பு முனையை மட்டும் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து செய்யுங்கள்; மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். 12 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட்டை ஒரே தாளிலிருந்து வெட்டி, எல்லா முனைப்பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிளாம்ப் போட்டு இறுக்கி, போல்ட் துளைகளை ஒரே தடவையில் ஊடுருவத் துளையிடுங்கள். அப்படிச் செய்தால் துளை சற்றுச் சாய்ந்து போனாலும் எல்லாப் பலகையிலும் ஒரே மாதிரி சாயும், பொருத்தம் கெடாது. எந்தப் பலகையின் எந்தப் பக்கம் எதை நோக்கும் என்பதை அடுக்கும்போதே பென்சிலால் எழுதிவிடுங்கள். இணைப்பிலிருந்து உள்பக்கமாக 15 சென்டிமீட்டர் தூரம் வரை பாதை நேராகவும் சமமட்டமாகவும் இருக்க வேண்டும் என்பதையும் கட்டாய விதியாக்கிக்கொள்ளுங்கள். பலகைக் கால்களின் அடியில் திருகி உயர்த்தக்கூடிய போல்ட் வைத்தால் கூடத்துத் தரையின் ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டலாம்.

மின்சாரத்துக்கும் இதே போன்ற ஓர் உடன்பாடு தேவை. பலகையின் அடியில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இரண்டை நீளவாக்கில் ஓடவிட்டு, எது எந்தத் தண்டவாளத்துக்கு என்பதை நிறத்தால் பிரித்து, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியாக ஒரு மெல்லிய வயரைச் சால்டரிங் செய்துவிடுங்கள். தண்டவாளங்களை இணைக்கும் தகட்டின் வழியாகவே மின்சாரம் போய்விடும் என்று நம்பாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஓரிரு ஆண்டுகளில் அந்தத் தகடு மங்கிப்போய், வண்டி அங்கங்கே திக்கி நிற்கும்.

பதில் 2 – பற்சக்கரம், சென்னை

சரிவைப் பற்றி நான் சொல்கிறேன். உங்கள் எஞ்சின் வழுக்கியது அதன் குற்றமன்று, உண்மையான எஞ்சினும் வெறும் தண்டவாளத்தில் அங்கே ஏறாது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் சில இடங்களில் ஏறத்தாழ 12 அடி நகர்ந்தால் ஓர் அடி ஏற்றம், அதாவது சுமார் 8 சதவீதம். சாதாரண மாதிரி ரயில் 3 சதவீதத்துக்கு மேல் ஏறத் திணறும். அதனால்தான் 1899-இல் குன்னூர் வரை திறக்கப்பட்ட அந்தப் பாதையில் தண்டவாளங்களுக்கு நடுவே ஆப்ட் முறைப் பற்சட்டம் போடப்பட்டது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சட்டங்கள். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றில் பள்ளம் இருக்கும்படி சற்றுத் தள்ளி அமைத்திருப்பார்கள். எஞ்சினின் பற்சக்கரம் ஒரு பல்லை விடும்போது அடுத்ததை ஏற்கெனவே பற்றியிருக்கும். இந்தப் பாதைக்கான எக்ஸ் வகை நீராவி எஞ்சினில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர்கள். உயரழுத்த நீராவி முதலில் சாதாரணச் சக்கரங்களை இயக்கிவிட்டு, பற்சட்டம் உள்ள பகுதியில் மேலே உள்ள தாழழுத்தச் சிலிண்டர்களுக்குப் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றும்.

தண்டவாள அகலத்தையும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள். நீலகிரிப் பாதை மீட்டர்கேஜ், 1000 மில்லிமீட்டர். 1:87 அளவில் அது 11.5 மில்லிமீட்டர் ஆகும். நீங்கள் வைத்திருக்கும் 16.5 தண்டவாளத்தில் குன்னூரைச் செய்தால், எவ்வளவு அழகாகச் செய்தாலும் பாதை அகன்று, மலை ரயிலின் ஒல்லியான தோற்றம் போய்விடும். சுவிட்சர்லாந்தின் மீட்டர்கேஜ் பாதைகளுக்காகத் தயாராகும் 12 மில்லிமீட்டர் தண்டவாளமும், அதன் நடுவில் பொருத்தும் பற்சட்டமும், பற்சக்கரம் உள்ள எஞ்சின்களும் விற்பனையில் உள்ளன. எக்ஸ் வகை எஞ்சின்களே சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தவைதான் என்பதால் இந்த உறவு பொருத்தமானதும்கூட. பொறிப்பகுதியை அங்கிருந்து வாங்கி, மேற்கூட்டை 3டி அச்சில் செய்துகொள்ளலாம். (மலைக்கோட்டை நண்பர் மகிழ்வார்: பின்னாளில் உங்கள் ஊர்ப் பொன்மலைப் பணிமனையிலும் புதிய எக்ஸ் வகை எஞ்சின்கள் செய்யப்பட்டன.)

கல்லாறும் குன்னூரும் சமமட்டமாக இருக்கட்டும். நடுப்பலகை மட்டும் ஏறட்டும். முந்தைய பதிலில் சொன்னபடி இருபுறமும் 15 சென்டிமீட்டரை விட்டால் 90 மிஞ்சும். ஏற்றம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் 20 சென்டிமீட்டர் தூரத்துக்குச் சரிவை மெல்ல மாற்ற வேண்டும். சட்டென்று மடித்தால் பெட்டிகளின் கொக்கி கழன்றுவிடும். கணக்குப் போட்டால் மொத்த ஏற்றம் ஏறத்தாழ ஐந்தரை சென்டிமீட்டர்தான் கிடைக்கும். இது போதுமா என்று கவலைப்பட வேண்டாம். பாதையை ஏற்றுவதைவிடப் பாதைக்குக் கீழே நிலத்தை இறக்குங்கள். நடுப்பலகையின் முன்பக்கத்தைத் திறந்த சட்டமாக விட்டு, தண்டவாளத்துக்கு 20 சென்டிமீட்டர் கீழே ஓர் ஓடையும் அதன்மேல் ஒரு பாலமும் வைத்தால் மலை தானாக உயர்ந்துவிடும். உண்மைப் பாதையில் 250 பாலங்கள் இருப்பதால் எதை வைத்தாலும் பொய்யாகாது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏறும்போது எஞ்சின் வண்டியின் கீழ் முனையில் நின்று தள்ள வேண்டும். தள்ளப்படும் பெட்டி லேசாக இருந்தால் வளைவில் தடம் புரளும் என்பதால், ஒவ்வொரு பெட்டியின் தரையிலும் ஈயத்துண்டு ஒட்டி எடையைத் தாழ்வாக வையுங்கள்.

பதில் 3 – தேயிலைக்காடு, குன்னூர்

மேலே இரண்டு பேரும் எலும்பைச் சொல்லிவிட்டார்கள். நான் தோலைப் பற்றிச் சொல்கிறேன். இந்த மலையில் வாழ்கிறவள் என்ற உரிமையில் முதல் வேண்டுகோள்: மண் நிறத்தை மூவரும் தனித்தனியாகக் கலக்காதீர்கள். கடைப் பெயிண்டில் வராத ஒரு செம்மை இங்கே சாலையோரச் சரிவு மண்ணில் இருக்கிறது. உங்களில் ஒருவர் ஒரு டப்பா மண் எடுத்துப்போய், காயவைத்துச் சலித்து, பூஞ்சையும் எறும்பும் வராமல் இருக்க இரும்பு வாணலியில் வறுத்து, மூன்றாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். மூன்று பலகைகளும் ஒரே மலை என்பதைக் கண்ணுக்குச் சொல்வது இந்த மண்தான்.

தேயிலைச் செடியை உருண்டையாகச் செய்வதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. பறிக்கப்படும் செடியின் தலை மேசைபோல் தட்டையாக, இடுப்பளவு உயரத்தில் இருக்கும். 1:87-இல் அது ஒன்பது மில்லிமீட்டர். ஒன்பது மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்பாஞ்சைச் சரிவில் ஒட்டி, கூரிய பிளேடால் ஒழுங்கற்ற மெல்லிய கீறல்கள் போட்டு, அடிப்பகுதியைக் கரும்பச்சையாகவும் மேற்பரப்பை மட்டும் இளம்பச்சைத் தூள் தூவியும் முடித்துப் பாருங்கள். ஆள் நடக்கும் சந்துகள் அந்தக் கீறல்களில் தானாகத் தெரியும். நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள் வேண்டும். 20 மீட்டர் மரம் உங்கள் பலகையில் 23 சென்டிமீட்டர் உயரம் நிற்க வேண்டும். கடையில் கிடைக்கும் மாதிரி மரங்கள் அதில் பாதிகூட இருக்காது. தென்னை ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டித் தண்டாக்கி, தேங்காய் நாரைக் கிளையாக ஒட்டினால் அந்த ஒல்லியான உயரம் வரும். பாதை எவ்வளவு சாய்ந்தாலும் மரமும் கம்பமும் சுவரும் செங்குத்தாகவே நிற்க வேண்டும் என்பதால், நடும்போது தூக்குக்குண்டு ஒன்றைப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். சாய்ந்த பெட்டிக்குப் பக்கத்தில் நேராக நிற்கும் ஒரு மரம், சரிவை எண்ணிக்கையைவிட நன்றாகக் காட்டும்.

நிலையத்துக் கொட்டகைகளின் நெளிதகரக் கூரைக்கு எளிய வழி உண்டு. உண்மைத் தகரத்தில் நெளிவுக்கு நெளிவு மூன்று அங்குலம். 87-ஆல் வகுத்தால் 0.9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 5 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை இடைவெளி 0.8. சமையலறை அலுமினியத் தாளை ரப்பர் விரிப்பின் மேல் வைத்து, அந்தப் போல்ட்டைச் சப்பாத்திக் கட்டைபோல் அழுத்தி உருட்டினால் கூரை தயார். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஜல்லியைக் கருமையாக்கி, மேலே ஒரு சொட்டு வார்னிஷ் வையுங்கள். ஈரம் அப்படியே தெரியும்.

கேள்வி கேட்டவர் – மேட்டுப்பாளையத்தான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு நண்பர்கள் இருவரையும் அழைத்து எல்லாப் பதில்களையும் உரக்கப் படித்தேன். 16.5 தண்டவாளத்தை ஒதுக்கிவிட்டு 12-க்கு மாறுவது என்றும், இணைப்பு முனைகளை ஒன்றாகவும் மற்றதை அவரவர் வீட்டிலும் செய்வது என்றும் முடிவாகிவிட்டது. வாக்குவாதம் செய்த இருவருமே தம் கருத்து வென்றதாக மகிழ்கிறார்கள். ஒரே ஓர் ஐயம்: ஜல்லிக்குப் பவானி ஆற்று மணலைப் பயன்படுத்தலாமா?

பதில் 4 – மலைக்கோட்டை, திருச்சி

ஆற்று மணல் ஆகும், ஆனால் அப்படியே ஆகாது. நம் ரயில்வேயின் ஜல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் அளவில் அது கால் மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர். ரவைச் சல்லடையில் இறங்கி, மாவுச் சல்லடையில் தங்குவதை மட்டும் எடுத்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். பிறகு காகிதத்தில் சுற்றிய காந்தத்தை மணலுக்குள் பல முறை துழாவுங்கள். ஆற்று மணலில் இருக்கும் கருந்துகள்கள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை விட்டுவிட்டால் ஓடும் எஞ்சினின் மோட்டார் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்டவாளத்துக்கு இடையில் மணலைத் தூரிகையால் பரப்பி, தண்ணீரைப் பனிபோல் தெளித்து நனைத்த பின், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டு ஷாம்பு சேர்த்து, மருந்துச் சொட்டுக்குழலால் ஓரத்திலிருந்து விடுங்கள். உலர ஒரு முழு நாள் ஆகும். பற்சட்டத்தின் பற்களுக்கிடையில் ஒரு மணிகூடத் தங்காமல், பசை காயும் முன்பே பல்குச்சியால் எடுத்துவிடுங்கள்.