ஸ்விட்சில் எந்த பிக்ராஸ் வாங்கலாம்?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். 2007ல் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வந்த பிக்ராஸைத்தான் (எண் குறிப்புகளை வைத்துக் கட்டங்களை நிரப்பிப் படம் வரவழைக்கும் புதிர்) இன்னும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பத்துக் கட்டம் உள்ள வரிசைக்கு 8 என்று எண் இருந்தால், அதாவது தொடர்ந்து எட்டுக் கட்டம் நிரப்ப வேண்டுமென்றால், நடு ஆறு கட்டம் எப்படியும் நிரம்பியாக வேண்டும், அதை நிரப்பியதும் குறுக்கே போகும் வரிசையில் ஒன்று தெளிவாகும், அங்கிருந்து இன்னொன்று, இப்படியே இழுத்துக்கொண்டு போனால் எங்கே கீழே வைப்பது? கடைசியில் வரும் படம் என்னவோ பெரும்பாலும் சுமார்தான்.

இப்போது நின்டெண்டோவின் பிந்தைய கருவியான ஸ்விட்ச் வாங்கியாச்சு. அதற்கு வந்த பிக்ராஸ் எஸ் விளையாட்டுத் தொடரில் எதில் தொடங்கலாம்? வண்ணப் புதிர்கள் எஸ்3ல்தான் வந்தன என்பதால் நேரே அதற்கே போய்விடலாமா? அப்புறம், டிஎஸ் பேனாவுக்குப் பழகிய கைக்கு பட்டன் சரிப்பட்டு வருமா? விளையாடியவர்கள் சொல்லுங்கள்.