கிளினிக் நாளில் விடுபட்ட சலக் குளிசை
(எழுதியவர்களின் பெயருக்குப் பதிலாக அவரவர் ஊர்)

ஆரையம்பதி:
அம்மாவுக்கு 69 வயது, பத்து வருசத்துக்கு மேலாக பிரஷர். முதலில் லொசாட்டன் குளிசை மட்டும்தான். போன வருசம் அதோடு ஹைட்ரோகுளோரோதயசைட் 12.5 மில்லிகிராம் சேர்த்தார்கள், கொப்பியில் எச்.சீ.ரீ. என்று எழுதியிருக்கும், சிறுநீரைக் கூடுதலாகப் போகவைப்பதால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சலக் குளிசை. விடியப் போட்டால் இரண்டு மணித்தியாலத்தில் வேலையைக் காட்டத் தொடங்கிவிடும், மத்தியானத்துக்குள் நாலைந்து தரம் பின்வளவுக்குப் போய்வருவா. வீட்டில் நிற்கும்வரை அது ஒரு கரைச்சலே இல்லை.

கரைச்சல் கிளினிக் நாளில். விடிய ஐந்தரைக்குப் போய் நம்பர் எடுத்தாலும் டொக்டரைப் பார்க்கப் பதினொரு மணியாகும். எழும்பிப் போனால் கதிரை போய்விடும், பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் கடைசிக்குத் தள்ளிவிடுவார்களோ என்ற பயம் வேறு, அங்கிருக்கும் கக்கூஸைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதனால் அன்றைக்குக் குளிசை இல்லை. முதல்நாளும் இல்லை, "ராவைக்கு நித்திரை கொள்ளணும் மனே". அப்புறம் பஸ் ஏறும் நாள், கலியாண வீடு, வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு என்றால் கடைசி நாள் குளுத்தி முடியும்வரை ஒரு கிழமையாகவே இல்லை. இதொன்றும் எனக்குத் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. அவர் பார்த்தது 168/94. மூன்றாவது மாசமும் குறையவில்லை என்றதும் 25 ஆக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கொப்பியில் இருப்பதைத்தானே அவர் பார்க்கலாம்.

பால்மா டின்னைத் திறந்தபோதுதான் விசயம் வெளித்தது. மாசத்துக்கு 30 தந்ததில் 11 மிச்சம், அதற்கு முந்திய மாசத்து என்வலப்பிலும் கொஞ்சம். எனக்கு வந்த கோபத்தில், இனி நானே கையில் தருவேன் என்று சொல்லி அடுத்த நாளிலிருந்து 25-ஐ ஒரு நாளும் விடாமல் கொடுக்கத் தொடங்கினேன். நல்ல மகன் வேலை! அதுதான் கடைசியில் வினையாகிப் போனது. அந்த நேரம் கச்சான் காற்று, வெயில் கொளுத்துகிறது. பக்கத்து வீட்டு அக்கா வந்து "சலம் போகுதுதானே, தண்ணிய நல்லாக் குடிங்கோ" என்று சொல்லிவிட்டுப் போக, அம்மா போத்தல் போத்தலாகக் குடித்தா. பிரஷருக்காக சோற்றில் உப்பை ஏற்கெனவே நிறுத்தியிருந்தோம்.

மூன்றாம் கிழமை தலையிடி, ஓங்காளம், சாப்பாடு பிடிக்கவில்லை. காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்தோம். பிறகு ஒரு பின்னேரம் என்னைச் செத்துப்போன மாமாவின் பெயரால் கூப்பிட்டா. அரிசி போடாமல் கஞ்சிப் பானையை அடுப்பில் வைத்து அகப்பையால் துழாவிக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு ஒரு நிமிசமும் பொறுக்கவில்லை, ஓட்டோவில் ஏற்றினோம். இரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, 118, குறைந்தது 135 இருக்கவேண்டும். இந்தக் குளிசை தண்ணீரை மட்டும் வெளியேற்றுவதில்லையாம். சிறுநீரகம் திரும்ப எடுக்கவேண்டிய உப்பைத்தான் விட்டுவிடுகிறது, தண்ணி அதன் பின்னால் போகிறது. உப்புப் போய்க்கொண்டிருக்க நாங்கள் மேலே மேலே வெறும் தண்ணி ஊற்றியிருக்கிறோம். வயதான பெண்களுக்கு இது கூடுதலாக வருமாம். குளிசையை நிறுத்தி சோடியத்தை மெல்ல மெல்லத்தான் ஏற்றினார்கள், சடாரென்று ஏற்றினால் மூளைக்குக் கூடாதாம். ஐந்தாம் நாள் "எப்ப மனே வீட்ட போற" என்று கேட்டா. இப்போது லொசாட்டனோடு அம்லோடிபின் என்ற வேறு பிரஷர் குளிசை, பின்னேரத்தில் கால் கொஞ்சம் வீங்குகிறது.

தம்பிலுவில்:
எனக்கு வந்தது வேறு விதம். நான் வயல்காரன், அதே குளிசை 25. ஒரு நாள் சாமத்தில் வலது கால் பெருவிரல் மூட்டு சிவந்து கொதிக்கிறது, பெட்சீற் பட்டாலே உயிர் போகிறது. முதல்நாள் தின்ற நண்டைத் திட்டினேன். கடையில் டைக்ளோபெனாக் வாங்கி ஒரு கிழமை போட்டேன், நோ குறைந்தது, பிரஷர் ஏறிவிட்டது. டொக்டர் இரண்டுக்குமே ஏசினார். சலக் குளிசை யூரிக் அசிட்டை உடம்பில் தேக்குமாம், அது மூட்டில் படிந்துதான் இந்த நோவாம், அந்த நோக்குளிசை பிரஷர் மருந்தின் வேலையைக் கெடுத்து, இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பதம் பார்க்குமாம். சலக் குளிசையை எனக்கு நிறுத்தி வேறு தந்தார். நண்டு மேல் பாதிப் பழிதான்.

அக்கரைப்பற்று:
எங்கள் வாப்பா நோன்பு காலத்தில் விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு இதைப் போட்டு, மத்தியானம் ளுஹர் தொழுகைக்கே நா வறண்டு, சுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்து எழும்பும்போது தலை சுற்றி சுவரைப் பிடித்தார். டொக்டரிடம் கேட்டோம், நோன்பு திறந்த பிறகு போடச் சொன்னார். சரி என்று போட்டால் இரவில் தறாவீஹ் தொழுகை நடுவில் ஸஃப்பை, அதாவது வரிசையை, விட்டு ஓடுகிறார்! கடைசி ஸஃப்பில், கதவோரமாக நின்று சமாளித்தார். பெருநாளுக்குப் பிறகு பழையபடி விடியலுக்கு மாற்றினோம். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிரச்சினை வரவில்லை, பிரஷரும் 130-க்குள் நிற்கிறது, எல்லாருக்கும் கெட்ட மருந்து என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1950-களின் கடைசியிலிருந்து உலகம் முழுக்கப் போடுகிற குளிசை இது.

கல்முனை:
கிளினிக்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். ஆரையம்பதித் தம்பி, அம்மாவின் கால் வீக்கம் அம்லோடிபினால் வருவதாக இருக்கலாம், அடுத்த முறை கட்டாயம் காட்டுங்கள். அந்த வீக்கத்தைப் பார்த்துவிட்டு யாராவது லேசிக்ஸ் என்ற இன்னொரு சலக் குளிசையை வாங்கிக் கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள், அந்த வகை வீக்கம் சலம் போவதால் பெரிதாக வடியாது, பொட்டாசியம் இறங்கும், சோடியமும் மறுபடி இறங்கலாம். இன்னொன்று, கிளினிக் நாளில் இந்தக் குளிசையை விடுவது உங்கள் அம்மா மட்டுமில்லை, லைனில் பாதிப் பேர். ஒரு நாள் விட்டால் பெரிதாக ஏறாது, ஆனால் மாசத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் விட்டதைச் சொல்லாவிட்டால் கொடுத்த மருந்து போதவில்லை என்று நினைத்து டொக்டர் மருந்தைக் கூட்டுவார். மிஞ்சிய குளிசைகளை என்வலப்போடு கொண்டுவரச் சொல்லி எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், கொண்டுவந்தவர்கள் விரல் விட்டு எண்ணலாம். ஏச்சு விழும் என்று பயம்.

ஆரையம்பதி:
நன்றி அக்கா. வீக்கத்தை இந்த மாசம் காட்டுகிறேன், டின்னையும் கொண்டுபோகிறேன். அந்த மிச்சக் குளிசைகளைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்கத்தான் அம்மா பார்த்தா, "அவக்கும் பிரஷர்தானே, வீசினா பாவம்". டின் இப்போது என் அலுமாரியில், திறப்பு என் சேட் பொக்கெற்றில்.