‘விலகல்’ வேண்டாம், ‘நழுவல்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நீரின் தரத்தை அளக்க ஆற்றில் இறக்கிவைத்த உணரியின் (sensor) அளவீடு நாட்பட நாட்படத் தானாகவே மாறிக்கொண்டு போவதை, அதாவது ஆங்கிலத்தில் drift என்பதை, ‘விலகல்’ எனலாம் என்றீர்கள். எனக்கு உடன்பாடில்லை. உயர்தரத்தில் கணிதம் படித்தவர்கள் விலகல் என்றதும் நியம விலகலைத்தான் நினைப்பார்கள். அது சராசரியின் இருபுறமும் சிதறுவது. இது பெரும்பாலும் ஒரே பக்கமாகப் போவது. ‘பெயர்ச்சி’ என்றால் சனி பகவான் வந்து நிற்கிறார். ‘நகர்வு’ என்று அறிக்கையில் எழுதினால், உணரியைத் தாங்கும் மிதவைதான் நகர்ந்துவிட்டதென்று யாராவது படகெடுத்துக்கொண்டு தேடப் போவார்கள்.

ஆய்வுகூடத்தில் இதற்கொரு சொல் அவசரமாகத் தேவைப்படவில்லை. நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை 1888இல் வின்க்ளர் வகுத்த முறைப்படி நியமிக்கும்போது (titration), அளவியிலிருந்து (burette) தயோசல்பேற்றுக் கரைசல் சொட்டுச் சொட்டாக விழ, காட்டியாகச் சேர்த்த மாப்பொருளின் நீலம் மறைகிறதா என்று கண்ணால் பார்க்கிறோம். கரைசலின் செறிவில் ஐயம் வந்தால் அன்றைக்கே சரிபார்த்துவிடலாம். உணரியோ வாரக்கணக்கில் ஆற்றுக்குள் கிடக்கிறது. கால் மணிக்கொரு தடவை அது சொல்வதைக் கணினி அப்படியே பதிந்துகொள்கிறது.

களனி ஆற்றிலிருந்து ஒருமுறை தூக்கிய, நீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பிஎச் உணரியின் கண்ணாடிக் குமிழில், விரல் வைத்தால் வழுக்கும் பழுப்புப் பாசி. அதைத் துடைக்காமலே பிஎச் 7இல் மாறாமல் நிற்கும் தாங்கற் கரைசலில் (buffer) அமிழ்த்தினோம். திரையில் 7.4. 25 பாகை செல்சியசில் ஒரு பிஎச் அலகுக்கு உணரி தரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோல்ற்று மாறும் என்றால், இந்த 0.4க்கு 24 மில்லிவோல்ற்று சத்தமின்றிக் கைநழுவிப் போயிருக்கிறது.

‘நழுவல்’ அப்போதுதான் தோன்றியது. கூட்டத்திலிருந்து ஒருவர் நழுவினார் என்றால், போனது எவருக்கும் தெரியவில்லை என்பதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. இந்தக் கோளாறின் குணமும் அதுதான். எல்லையைத் தாண்டினால்தான் எச்சரிக்கை ஒலிக்கும். எல்லைக்குள்ளேயே மெல்ல மாறினால் ஒலிக்காது. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலைப் பக்கம் இது விளையாட்டல்ல. வறட்சியில் கடல்நீர் ஆற்றில் ஏறி வரும்போது மின்கடத்துதிறன் கூடும். கூடியது ஆறா, உணரியா என்று பிரித்துச் சொல்ல ஒரு சொல் வேண்டும்.

கிளைச்சொற்களும் எளிதாகவே வருகின்றன: பூச்சிய நழுவல் (zero drift), படித்திறன் நழுவல் (slope drift), நழுவல் வீதம் (drift rate). “மூன்று வாரத்தில் 0.4 நழுவியிருக்கிறது” என்று வினையாகவும் எழுதலாம், ‘விலகல்’ இதற்கு இவ்வளவு வளைந்து கொடுக்காது. பகல் வெயிலில் ஏறி இரவில் இறங்கும் மாற்றத்தை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அதற்குத் ‘தளம்பல்’ இருக்கிறது.

ஒரு வேண்டுகோள்: ‘நழுவல் திருத்தம்’ என்பதைப் பிரித்தே எழுதுவோம். புணர்ச்சி விதிப்படி ‘நழுவற்றிருத்தம்’ என்று சேர்த்தால், நழுவலே அற்ற ஏதோவொன்று என்று வாசித்துவிட்டு உணரியைக் கழுவாமல் விட்டுவிடுவார்கள்.