மேலிருந்து வரும் கட்டளை அறுந்தால் தசை தளராமல் ஏன் விறைக்கிறது?

கேள்வி:
மூளைச் சேதத்தால் நினைவிழந்து கிடப்பவரிடம் இரண்டு வகை விறைப்பு வரும். டிகார்டிகேட் நிலையில் கை மடங்கும், கால் நீளும். டிசெரிப்ரேட் நிலையில் கையும் காலும் விறைத்து நீளும். முதலாவதில் சேதம் ரெட் நியூக்ளியஸுக்கு (நடுமூளையில் உள்ள நரம்பணுக் கூட்டம்) மேலே, இரண்டாவதில் கீழே என்று மனப்பாடமாகத் தெரியும். காரணம்தான் பிடிபடவில்லை. யாராவது விளக்குங்களேன்.

பதில் 1:
அறுவது பெரும்பாலும் பிரேக். முகுளத்து (மூளைத்தண்டின் அடிப்பகுதி) ரெட்டிகுலார், அதாவது வலைப்பின்னல் நரம்பணுக்கள் நீட்டுத் தசைகளை அடக்குபவை; பெருமூளைப் புறணி தூண்டினால்தான் அவை சரியாக வேலை செய்யும். உடல் சமநிலையைக் கவனிக்கும், மூளைத்தண்டில் உள்ள பக்கவாட்டு வெஸ்டிபுலர் கருவுக்கோ உள்காதிலிருந்தே சமிக்ஞை வருகிறது, புறணி தேவையில்லை. அதன் இழைகள் குறுக்கே கடக்காமல் அதே பக்கமாகத் தண்டுவடத்தின் நீளம் முழுக்க இறங்கி நீட்டுத் தசைகளைத் தூண்டுகின்றன. முகுளத்துக்கு மேலே உள்ள பான்ஸின் ரெட்டிகுலார் இழைகளும் அதற்குத் துணை.

1898இல் ஷெரிங்டன் பூனையின் நடுமூளையைக் குறுக்கே வெட்டியபோது நான்கு கால்களும் விறைத்தன. பிறகு ஒரு காலுக்கான பின்வேர்களை (உணர்வுச் சமிக்ஞையைத் தண்டுவடத்துக்குக் கொண்டுவரும் நரம்பு வேர்கள்) அறுத்தார். அந்தக் காலின் விறைப்பு போய்விட்டது. தண்டுவடத்தின் காமா நரம்பணுக்கள் தசைக்கதிரை (தசைக்குள் இருந்து நீட்சியை உணரும் உறுப்பு) இறுக்க, கதிரின் சமிக்ஞை பின்வேர் வழியே வந்து தசையைச் சுருக்கும் ஆல்ஃபா நரம்பணுவை உசுப்புகிறது. அந்தச் சுற்று அறுந்ததும் விறைப்பு அடங்கிவிட்டது.

பதில் 2:
கை மடங்குவதற்குச் சொல்லப்படும் காரணம் ரெட் நியூக்ளியஸிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் ரூப்ரோஸ்பைனல் பாதை. ரெட் நியூக்ளியஸை விட்டதுமே எதிர்ப்பக்கம் கடந்து, கையை மடக்கும் தசைகளைத் தூண்டும். சேதம் ரெட் நியூக்ளியஸுக்கு மேலே என்றால் இது தப்பிவிடும், கீழே என்றால் இதுவும் அறுந்துவிடும். மனிதரில் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தைத் தாண்டி அதிகம் போவதில்லை. அதனால்தான் கால் மடங்குவதில்லை என்பார்கள். ஆனால் மனிதரில் இது மிக மெலிந்த பாதை. முழு விளக்கத்தையும் இதன் தலையில் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ஒரே நோயாளிக்கு வலக்கை மடங்கி இடக்கை நீள்வதும் உண்டு.

பதில் 3:
படுக்கையருகே ஒன்று. விரல் நுனியில் அழுத்தத்தை மெல்லக் கூட்டி 10 விநாடி வரை கொடுத்து, கையைப் பாருங்கள். காலை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். தண்டுவட அனிச்சையாலேயே கால் மடங்கும். மயக்கத்தின் ஆழத்தை மதிப்பிடும் கிளாஸ்கோ அளவில் இயல்பற்ற மடக்கம் 3, நீட்டல் 2. இரு பக்கமும் வேறுபட்டால் நல்ல பக்கத்தை எழுதுங்கள். சேதம் எங்கே என்று யோசிக்குமுன் ரத்தச் சர்க்கரை பார்த்தாக வேண்டும். சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் இதே விறைப்பு வரும்.

கேட்டவர்:
நன்றி. சேதம் இன்னும் கீழே இறங்கினால்?

பதில் 1:
வெஸ்டிபுலர் கருவும் போய்விட்டால் தூண்ட ஆளில்லை, கைகால் துவண்டுவிடும். விறைத்திருந்தவர் தளர்ந்தால் தேறுகிறார் என்று எழுதிவிடாதீர்கள். மயக்க மருந்தோ தசைத் தளர்த்தியோ கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, உடனே கண்மணியையும் மூச்சையும் பாருங்கள்.